ஆள்காட்டியின் குரலில் கேட்டது யார்?

காட்டோரக் குளத்துக்குக் கீழே ஒரு நெல்வயல். அதில் கருக்காயி என்றொரு எலி வளை தோண்டி வாழ்ந்தது. அதற்குக் கண் திறக்காத ஐந்து குட்டிகள்.

எலி வளைக்கு இரண்டு வாசல். முன்வாசலை எலி உள்ளிருந்தே மண்ணால் இறுக்கி அடைத்துவிடும். பின்வாசலில் மண் ஒரு விரல் கனம்தான் இருக்கும். ஆபத்து வந்தால் தலையால் முட்டிக்கொண்டு ஓடுவதற்கு அது. வெளியே நின்று பார்த்தால் தரையோடு தரையாகக் கிடக்கும். அந்த இடத்தை எந்த எலியும் யாருக்கும் சொல்லாது. கட்டிய புருஷனுக்கும் சொல்லாது!

அந்த வயலுக்குக் காவல், ஆள்காட்டிக் குருவி. குளத்து மேட்டில் அடைகாத்துக்கொண்டே நாலாபுறமும் பார்க்கும். பாம்பு தெரிந்தால் வானத்தில் எழும்பி வட்டமடித்துக் கத்தும்.

"சாரை! சாரை! வடக்கு வரப்புல சாரை!"

வெளியே இருக்கும் எலிகள் வளைக்குள் ஓடி வாசலை அடைத்துக்கொள்ளும். வெறும் வயிற்றோடு திரும்பும் சாரைப்பாம்பு பல்லைக் கடிக்கும்.

அதே வயலோரம் ஒரு கருவேல மரத்தில் கரிச்சான் குருவி ஒன்று கூடு கட்டியிருந்தது. அது பலகுரல் வித்தைக்காரன். பூனை மாதிரி கத்தும், பருந்து மாதிரி கத்தும். கேட்டவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். வித்தை என்றால் சிரிப்போம், அதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கமாட்டோம். சாரை யோசித்தது. ஒருநாள் அது கருவேல மரத்தில் பாதி தூரம் ஏறி நின்றது.

"கரிச்சான், உன் முட்டை மூணும் எனக்கு ஒருவாய்க்குத்தான் காணும். விட்டுடட்டுமா?"

"ஐயோ, விட்டுடுங்க! என்ன கேட்டாலும் செய்யறேன்!"

"ஆள்காட்டி மாதிரி கத்துவியாமே? எலி பின்வாசல் எங்க இருக்குன்னு கேட்டுச் சொல்லு. அது போதும்."

மறுநாள் உச்சி வெயில். கருக்காயி முன்வாசலை அடைத்துவிட்டுக் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. மண்ணுக்கு வெளியே, மிக அருகில், ஆள்காட்டியின் குரல் பதறியது.

"கருக்காயி! கருக்காயி! சாரை உன் பின்வாசலைக் கண்டுபிடிச்சிடுச்சு!"

கருக்காயி குட்டிகளை அணைத்துக்கொண்டது. "ஐயோ அக்கா! என் புள்ளைங்க!"

"எது உன் பின்வாசல்? சீக்கிரம் சொல்லு! நான் முள்ளு வெச்சு அடைக்கிறேன்!"

"அது... அதை யாருக்கும் சொல்லக் கூடாதே அக்கா..."

"எனக்குமா? அஞ்சும் செத்த பிறகு அழுது என்ன பண்ணுவ? இப்பச் சொல்லலைன்னா நான் போறேன்!"

"போகாதீங்க! தாழம்புதருக்கு மேற்கால, நத்தை ஓட்டுக்கு அடியில!"

குரல் நின்றுவிட்டது. முள் வைக்கும் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

சாரை கண்டுபிடித்துவிட்டது என்றால் சாரை எங்கே என்று சொல்ல வேண்டும். பின்வாசல் எங்கே என்று எதற்குக் கேட்க வேண்டும்? இந்தக் கேள்வி கருக்காயிக்கு அப்போதே வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம் முன்வாசலில் நுழைந்தால் புத்தி பின்வாசலில் ஓடிவிடுகிறது. அந்தக் கேள்வி வந்தபோது, பின்னால் மண் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது.

கைக்கு எட்டிய ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு, முன்வாசல் மண்ணைப் பறித்துத் தள்ளிவிட்டு, கருக்காயி வெளியே விழுந்தது. நாலு குட்டிகள் உள்ளே இருந்தன. அவை கத்தக்கூட இல்லை.

கருக்காயி நேராகக் குளத்து மேட்டுக்கு ஓடி, குட்டியைக் கீழே வைத்தது.

"நீயெல்லாம் ஒரு காவலா? என் புள்ளைங்களைக் காட்டிக் கொடுத்துட்டியே!"

ஆள்காட்டி முட்டையை விட்டு எழுந்து நின்றது. நடந்த விவரத்தைக் கேட்டுக்கொண்டது.

"நான் இன்னிக்கு இறங்கி வரவே இல்லையே கருக்காயி! இத்தனை நாள்ல உன் வாசல்ல வந்து நின்னு பேசியிருக்கேனா? ஒருத்தர் பேரைச் சொல்லிக் கத்தியிருக்கேனா? உன் பின்வாசல் எனக்கு எதுக்கு?"

கருக்காயி யோசித்துப் பார்த்தது. ஆள்காட்டி எப்போதும் உயரத்திலிருந்துதான் கத்தும், எல்லோருக்கும் பொதுவாகக் கத்தும். கத்திவிட்டுப் போய்விடும். பதில்கூட எதிர்பார்க்காது. தினமும் கேட்ட குரல்தான். ஆனாலும் அது எப்படிக் கத்தும் என்பதைக் கருக்காயி ஒருநாளும் கவனித்ததில்லை. குரலை மட்டும் தெரிந்து வைத்திருந்தது. அன்று வாசலில் அந்தக் குரலில் பேசியது வேறு யாரோ.

செய்தி வயலெங்கும் பரவியது. எலிகள் கூடின. அவற்றில் பெரியவன் சாவட்டையன். மீசையை முறுக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னது.

"இனிமே ஆள்காட்டி கத்தினா எவனும் காது கொடுக்காதீங்க! எது நிஜம் எது பொய்னு யாரு பார்த்துக்கிட்டு இருக்கறது? எல்லாமே பொய்னு வெச்சுக்கிட்டா ஏமாறவே மாட்டோம்!"

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணே," என்றது கருக்காயி.

"ஏமாந்தவ எனக்குப் புத்தி சொல்றியா?" என்றது சாவட்டையன். மற்ற எலிகள் சிரித்தன.

மூன்றாம் நாள் காலை. எலிகள் வரப்பில் கதிர் கொறித்துக்கொண்டிருந்தன. வானத்திலிருந்து குரல் வந்தது.

"சாரை! சாரை! மடைப்பக்கம் சாரை!"

கருக்காயி கதிரைக் கீழே போட்டது. அதே குரல்! குட்டிகளைத் தின்ற குரல்! ஓடவும் பயம், நிற்கவும் பயம். நிமிர்ந்து பார்த்தது. உயரத்தில் ஆள்காட்டி வட்டமடித்தது. அது யார் பேரையும் சொல்லவில்லை. எதையும் கேட்கவில்லை. மடைப்பக்கம் திரும்பினால், அங்கே புல் அசைந்தது.

"அண்ணே, இது நிஜம்! ஓடுங்க!"

"போ, போ! நான் என்ன கருக்காயியா?"

சாவட்டையன் இன்னொரு கதிரை இழுத்தது. அதை வாயில் வைக்க நேரமில்லை. சாவட்டையனும், அதன் பேச்சை நம்பி நின்ற எலிகளில் மூன்றும் அன்று வீடு திரும்பவில்லை. கருக்காயி, அவசரமாகத் தோண்டியிருந்த வேறு வளைக்குள் ஓடி, தன் ஒற்றைக் குட்டியோடு கிடந்து, வெளியே அடங்கும் சத்தங்களைக் கேட்டது.

கரிச்சானுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ஒன்றும் ஆகவில்லை. அதன் குஞ்சுகள் மூன்றும் நன்றாகப் பறந்தன. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

கருக்காயி அந்த வயலில் இருக்கவில்லை. குளத்தின் அக்கரைக்குப் போய்ப் புது வளை தோண்டியது. பிறகு ஆள்காட்டியிடம் வந்தது.

"அக்கா, அன்னிக்கு உன்னைத் திட்டிட்டேன். நீ மறுபடி கத்தலைன்னா மிச்சமிருந்த ஒண்ணும் போயிருக்கும். உன்கிட்ட மட்டும் சொல்றேன், என் புதுப் பின்வாசல்..."

"சொல்லாதே!" ஆள்காட்டி படபடவென்று சிறகடித்தது. "எனக்கும் சொல்லாதே! நாளைக்கு என் குரல்லயே வந்து கேட்பாங்க. நானே வந்து கேட்டாலும் சொல்லாதே!"

கருக்காயி வாயை மூடிக்கொண்டது. நாலு குட்டிகள் போவதற்கு முன்னால் இப்படி மூடியிருக்கலாமே என்று நினைத்தபடி, தன் ஒற்றைக் குட்டி காத்திருந்த வளைக்குத் திரும்பியது.

உண்மையான காவல் ஆபத்தைச் சொல்லுமே தவிர ரகசியத்தைக் கேட்காது. கேட்கும் குரல் எவ்வளவு பழகியதாக இருந்தாலும், அதற்கு வாசலைக் காட்டாதீர்கள்.