பதினோராவது ஷரத்து

"வெற்றிலைத் தட்டை வாங்கிட்டேன் தாயி. இனிமே எப்படிப் பத்திரத்தை வாசிப்பேன்?" என்றார் பொன்னுலிங்கம்.

உப்பளத்தின் ஓரத்தில் குடிசை போட்டிருந்த உலகம்மைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவளைத்தான் குருவாக ஏற்றிருந்தார். அறுபதுக்கு மேல் வந்த பக்தி, அதற்கு வெட்கம் ஏது!

அந்த ஊர் உப்பு வியாபாரிகளிடம் ஒரு பழக்கம். வெற்றிலைத் தட்டு கை மாறிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு பத்திரத்தைப் பிரித்துப் படித்தால், கொடுத்தவரைத் திருடன் என்று சொன்னதற்குச் சமம்.

இந்தத் தட்டைக் கொடுத்தவரோ பொன்னுலிங்கத்தின் மகளுடைய மாமனார். பொன்னுலிங்கத்தின் உப்பளத்தில் பத்து வருஷத்துக்கு விளைகிற உப்பையெல்லாம் அவரே வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம். சாயங்காலம் கையெழுத்துப் போட வேண்டும்.

"சம்பந்தி மனசு நோகும். எம் மக அந்த வீட்டுல வாழணும். ஆசீர்வாதம் பண்ணுங்க, அது போதும்."

"பத்திரம் எங்க?"

மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"நீங்க வாசிக்க வேண்டாம் ஐயா. கண்ணை மூடிக்கோங்க. நான் வாசிக்கேன். நீங்க அதுக்குள்ள நடங்க."

மூடினார்.

முதல் ஷரத்தில் உப்பளம் வந்தது. எங்கும் வெள்ளை. பாத்தி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வரப்பில் நடந்தார். கால் தரையில் படாதது போலிருந்தது. உலகம்மையின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது.

மூன்றாவதில் வண்டிகள் வந்து உப்பை அள்ளிப் போயின. ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதற்கடுத்ததில் மகள் எதிரே வந்து சிரித்தாள். பத்திரத்தில் மகள் பேச்சே கிடையாது. எப்படி வந்தாளோ!

ஒன்பதாவதில் மழை பிடித்தது. சத்தமே இல்லாத மழை. அம்பாரம் அம்பாரமாகக் குவித்த உப்பு கரைந்து ஓடியது.

"ஒரு பருவத்தில் உப்பு குறைந்தாலும்..." என்று குரல் சொல்லிக்கொண்டிருந்தது.

நனைந்துகொண்டே நடந்தார்.

பதினோராவதில் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தார். அவர் அப்பா வெட்டிய கிணறு. அதில் ஊறும் உவர்நீர்தான் அத்தனை பாத்திக்கும் பாய்கிறது.

சுற்றிலும் வேலி. வாசலில் பூட்டு. உள்ளே அவருடைய ஆட்களே வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் அவரை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"...அப்படி உப்பு குறைந்தால், கிணறும் பாத்திகளும் வாங்குபவரையே சேரும்."

"திறங்கடா! என் கிணறுடா அது!"

கத்திய கத்தலில் கண் திறந்துகொண்டது. சின்னப் பிள்ளை மாதிரி அழுகை வந்தது அவருக்கு.

"யாரு தாயி பூட்டுனது? சம்பந்தியா?"

உலகம்மை கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். சம்பந்தியின் கையெழுத்து இருந்தது. அதற்குப் பக்கத்தில் பொன்னுலிங்கத்துக்கு இடம் விட்டிருந்தது.

"இன்னும் பூட்டலையே ஐயா."