கலங்கிய தண்ணீரில் மாரப்பன்

“மீனெல்லாம் எங்கே போச்சு, வாத்தியாரம்மா?”

மாரப்பன் மூன்றாவது முறையாகக் கேட்டான்.

செங்காயி கரைமேல் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மாரப்பனைவிடப் பத்து வயது இளையவள். அந்தத் துறையில் தூண்டில் கற்க வந்தவர்கள் எல்லோருக்கும் அவள்தான் வாத்தியார்.

“எங்கேயும் போகலண்ணா” என்றாள்.

அவ்வளவுதான் பதில்.

அந்தத் துறைக்கு ஒரு வழக்கம் உண்டு. கற்க வந்தவன் முதல் வெள்ளம் வந்த மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் ஒரு மீனாவது பிடிக்க வேண்டும். பிடித்தால் துறையில் அவனுக்கும் ஓர் இடம். இல்லாவிட்டால் நூலை வாத்தியாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

இன்று மூன்றாம் நாள்.

ஊரில் தறி நின்றுபோய் ஒரு வருஷமாகிறது. திரும்பிப் போனால் மச்சான்மார் சிரிப்பார்கள். கரையோரக் குடிசையில் மனைவி பூவாயி காலையிலேயே பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டாள்.

கோடையில் இதே ஆற்றில் அவன் மீன் பிடித்திருக்கிறான். அப்போது தண்ணீர் தெளிந்து, அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. நடு ஆற்றில் பிளந்த பாறை. அதை ஒட்டிப் போட்டால் மீன் நிச்சயம்.

இப்போது ஆறு செம்மண் கரைசலாக ஓடியது. பாறை முழுகிவிட்டது. வேரோடு பிடுங்கிய பனைமரம் ஒன்று நடுவில் உருண்டு போனது. கரையோரத்தில் மட்டும், புங்கமர வேர்களுக்கிடையே, நுரை மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

மாரப்பன் பாறை இருந்த இடத்தைக் குறி வைத்தான். எட்டவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கினான். பிறகு தொடையளவு.

“இன்னும் கொஞ்சம் உள்ள போங்க. அக்கரையே வந்துரும்” என்றாள் செங்காயி.

காலில் ஏதோ வழவழவென்று உரசியது. உதறினான். கனமான ஈயக்குண்டு கட்டி வீசினான். வெள்ளம் அதையும் இழுத்துப் போனது. மறுபடி காலில் உரசியது. மறுபடி உதறினான்.

வெயில் இறங்கியது.

மாரப்பன் கரையேறினான். நூலைச் சுற்றி அவள் முன்னால் வைத்தான்.

“எனக்குக் கை வரல. தறிக்காரன் தறிக்காரன்தான்.”

செங்காயி நூலை எடுத்தாள். கத்தியால் முள்ளோடு ஒரு முழம் அறுத்தாள். மீதியைத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். அந்த ஒரு முழத்தைக் கோலில் கட்டி, மண்புழுவைக் கோத்து, அவனிடம் நீட்டினாள்.

“போடுங்க.”

“இது எங்கே எட்டும்?”

“எட்டற எடத்துல போடுங்க. தண்ணில இறங்காதீங்க. உக்காந்து போடுங்க.”

“வாத்தியாரம்மா, மீன் நடு ஆத்துல—”

“அந்த வேகத்துல நடு ஆத்துல நீங்க நிப்பீங்களா?”

மாரப்பன் புங்க வேரில் குந்தினான். காலையிலிருந்து அவன் இறங்கி ஏறிச் சேறான இடம்தான் காலடியில் இருந்தது. அங்கேதான் நூல் எட்டியது. நுரைக்குள் விட்டான்.

கடலை உரிக்கும் சத்தம் கேட்டது.

கோல் வளைந்தது.

இழுத்தான். முழங்கை நீளத்தில் ஒரு கெளுத்தி, மீசை துடிக்க, சேற்றில் விழுந்து புரண்டது. சூரியன் இன்னும் மலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது.

“பூவாயி!” குடிசைப் பக்கம் திரும்பிக் கத்தினான். “மூட்டைய அவுரு! சட்டிய எடு!”

செங்காயி தோலை ஊதிவிட்டுக் கடலையை வாயில் போட்டாள்.

“ஏண்ணா, காலையில தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு எதையோ உதறிக்கிட்டே இருந்தீங்களே. என்னது அது?”

“பாசி” என்று சொல்ல வாயெடுத்தான் மாரப்பன்.

மீன் துள்ளி அவன் காலில் வழவழவென்று உரசியது.