வாங்கிய பாட்டு

பொதிகை அடிவாரத்து மடத்தில் வேலாயுதப் பெருமாள் சேர்ந்தபோது அவருக்கு அறுபத்தெட்டு வயது. குருவுக்கு ஐம்பதுதான். சீடர் காலில் விழுந்துவிடுவார். எழுப்பிவிட குருவேதான் கை கொடுக்க வேண்டும்.

எதுவும் நமதில்லை என்று குரு சொல்லியிருந்தார். பெருமாள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தார். மனைவி கோமதி பாடிய கேசட்டையும் கொடுத்துவிட்டார். அந்தப் பாட்டுகளைத்தான் போனில் காசு கொடுத்து வாங்கியாச்சே என்ற தைரியம்.

கல்யாணத்துக்கு முன்னால் கோமதி ஒரு பக்திப் பாட்டுத் தொகுப்பில் பாடியிருந்தாள். எல்லாம் கும்பலோடு கும்பலாக. ஒரே ஒரு பாட்டில் ஒரு வரி மட்டும் தனியாக. பெருமாள் தினமும் காலையில் அந்த வரியைக் கேட்டுவிட்டுத்தான் சுக்குக் காப்பி குடிப்பார். செத்து ஏழு வருஷமான மனைவி விடிந்ததும் வந்து ஒரு வரி பாடிவிட்டுப் போனால் யாருக்குக் கசக்கும்?

ஒரு வெள்ளிக்கிழமை போனில் அந்தத் தொகுப்பையே காணோம். விற்ற கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். ரொம்ப மரியாதையாகப் பதில் வந்தது. நீங்கள் வாங்கியது பாட்டை அல்ல, அதைக் கேட்கும் அனுமதியை; அந்த அனுமதி இப்போது முடிந்துவிட்டது.

மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடி நினைத்துப் பார்ப்பார். வரி வரும், ராகம் வரும், அவள் குரல் மட்டும் வராது. அவளை இரண்டாம் தடவை பறிகொடுத்த மாதிரி இருந்தது.

நான்காம் நாள் நுகர்வோர் நீதிமன்றத்துக்கு ஒரு மனு எழுதினார். எழுதி முடித்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. மடத்தில் இருப்பவன் வழக்குப் போடுவதாவது! மனுவை எடுத்துக்கொண்டு குருவிடம் போனார். குரு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"சாமி, இதை உங்க முன்னாடியே கிழிச்சுப் போட்டுடலாம்னு வந்தேன்."

"என்ன அது?"

பெருமாள் எல்லாவற்றையும் சொன்னார்.

"எதுவும் நமதில்லைன்னு நீங்க சொன்னீங்க. கம்பெனிக்காரனும் அதையேதான் சொல்றான். அப்புறம் நான் யார்கிட்ட போய் நியாயம் கேக்கறது?"

"அந்தம்மா குரல் எப்படி இருக்கும்?"

பெருமாள் வாயைத் திறந்தார்.

"மறந்துக்கிட்டே வரேன் சாமி" என்று உடைந்து அழுதார்.

குரு கீரையை ஒதுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு, மனுவை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"போன்ல நீங்க அமுக்கின பட்டன்ல என்ன போட்டிருந்தது?"

"'வாங்கு'ன்னு போட்டிருந்தது."

"அதை எழுதாம விட்டுட்டீங்களே."

பேனா எடுத்து அவரே ஓரத்தில் எழுதினார். மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

"கையெழுத்துப் போடுங்க."

"சாமி! அப்ப எதுவும் நமதில்லைன்னு நீங்க சொன்னது?"

"விட்டுடுங்கன்னு உங்ககிட்ட சொன்னேன் ஐயா. பிடுங்கிக்கோங்கன்னு அவங்ககிட்ட சொல்லலையே."