பொன்கெண்டைக்கு வந்த பர்மிட்

மூக்கன்துறைக்காரர்கள் சொல்பேச்சு கேட்காதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. கேட்பார்கள். அதுதான் தொல்லையே. ஒருதடவை பஸ்ஸில் கண்டக்டர் "முன்னால போங்க, முன்னால போங்க" என்று விடாமல் கத்தப்போய், முன்படி வழியாக இறங்கி பஸ்ஸுக்கு முன்னால் ஓடியவர்கள் அவர்கள். டவுன் வரைக்கும்.

அந்த ஊர் உலகம்மைக்குக் கோயில் படித்துறையில் பொரிக்கடை. ஆற்றில் பொன்கெண்டை மொய்த்துக் கிடந்த காலத்தில் நல்ல வியாபாரம். சாமி கும்பிட வந்தவர்களைவிட மீனுக்குப் பொரி போட வந்தவர்கள்தான் அதிகம். அப்புறம் ஆளாளுக்கு வெடித்தோட்டா போட்டும் மருந்து கலக்கியும் பிடித்துத் தின்றதில் மீன் அற்றுப்போனது. வருகிறவர்கள் வெறுந்தண்ணீரை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். விற்காத பொரியை உலகம்மையே தின்று தீர்த்தாள். பொரி மூட்டையைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு உப்பியது.

கடைசியில் ஒரே ஒரு ஜோடி மிஞ்சியது. அதைத் தொட்டியில் வளர்த்து, குஞ்சு பொரிக்க வைத்து, திரும்ப ஆற்றில் விட அரசாங்கம் ஊருக்கு ஒரு பர்மிட் கொடுத்தது. மீன்துறை அதிகாரி கோமதிநாயகம் அதைப் பளபளவென்று லேமினேஷன் பண்ணிக் கொண்டுவந்தார். மீன் கமிட்டிக்கு உலகம்மையைத் தலைவியாகவும், அவள் கொழுந்தன் முப்பிடாதியையும் பேச்சிமுத்து அண்ணாச்சியையும் உறுப்பினர்களாகவும் போட்டார். பேச்சிமுத்து ஊரிலேயே அதிகமாக யோசிக்கிறவர். யோசித்து என்ன கண்டுபிடித்தார் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

"நல்லாக் கேட்டுக்கோங்க" என்றார் அதிகாரி. "இந்த பர்மிட் இல்லாம ஒருத்தரும் மீனைத் தொடக் கூடாது. ஆத்துல எப்படி இருக்குமோ அப்படியே தொட்டி இருக்கணும். ஐப்பசி மழைக்கு முன்னால குஞ்சுங்க ஆத்துல நீந்துறதை நான் என் கண்ணால பாக்கணும். இல்லைன்னா பர்மிட் ரத்து. தாயையும் தகப்பனையும் மெட்ராஸுக்குக் கொண்டுபோயிக் கண்ணாடித் தொட்டியில போட்டுருவோம்."

மீன் மெட்ராஸுக்குப் போனால் உலகம்மை கடையையும் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒரு சொல்கூட விடாமல் மனப்பாடம் செய்துகொண்டாள்.

அதிகாரி போனதும் மீனை, பிடித்து வைத்திருந்த அண்டாவிலிருந்து படித்துறை ஓரத்துத் தொட்டிக்கு மாற்ற வேண்டியிருந்தது. முப்பிடாதி ஒரு கையில் பர்மிட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மீனைத் தூக்கினான். மீன் வாலால் கன்னத்தில் ஒன்று வைத்தது.

"ரெண்டு கையாலயும் பிடியேம்ல!"

"பர்மிட்டை யாரு பிடிக்க, மதினி?"

"எங்கிட்டக் கொடு."

"கொடுத்துட்டா பர்மிட் உங்க கையிலல்லா இருக்கும்? நான் பர்மிட் இல்லாத ஆளாயிருவேனே!"

உலகம்மைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கடைசியில் பேச்சிமுத்து வழி சொன்னார். முப்பிடாதி பர்மிட்டைப் பல்லில் கடித்துக்கொண்டான். மீனைத் தூக்கினான், வழுக்கி மீனோடு தொட்டிக்குள்ளேயே விழுந்தான். பர்மிட் வாயிலிருந்து நழுவி மிதந்தது. ஆண் மீன் வந்து அவன் முதுகில் உரசியது.

"மதினி, நான் தொடல! அதுதான் என்னைத் தொடுது!"

மூன்று பேரும் சீரியஸாகிவிட்டார்கள்.

"மீனு மனுசனைத் தொட்டா பர்மிட் யாருகிட்ட இருக்கணும்?" என்று கேட்டாள் உலகம்மை.

பேச்சிமுத்து கண்ணை மூடித் திறந்தார். "தொடுதவங்ககிட்டத்தான்."

அப்புறம் என்ன, பர்மிட்டை ஒரு கல்லில் கட்டித் தொட்டிக்குள்ளேயே இறக்கிவிட்டார்கள். இனி மீன் யாரைத் தொட்டாலும் சட்டப்படி செல்லும்.

அடுத்தது தொட்டியை ஆறு மாதிரி ஆக்குகிற வேலை. மணல் கொட்டினார்கள், கூழாங்கல் போட்டார்கள், பாசி பிடித்த பாறையை உருட்டிவந்து வைத்தார்கள். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

"ஆத்துல வேற என்னல்லாம் கிடக்கு?" என்றார் பேச்சிமுத்து.

முப்பிடாதி ஆற்றுக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஒரு சாக்கு நிறைய அள்ளி வந்தான். ஷாம்பு பாக்கெட், பழைய வேட்டி, ஒற்றைச் செருப்பு, தலை போன சாமி படம். எல்லாவற்றையும் பக்தியோடு தொட்டிக்குள் அடுக்கினார்கள். உலகம்மை தினம் காலையில் வந்து, ஆற்றில் துவைக்கிற மாதிரியே தொட்டிப் பாறையில் நாலு துணி துவைத்துவிட்டுப் போனாள். அவள் வீட்டிலேயே துவைக்கலாம்தான். ஆனால் தலைவி என்றால் சும்மாவா?

சித்திரை வந்தது. ஆறு வற்றியது. பேச்சிமுத்து மணலில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு முகம் வாடித் திரும்பினார்.

"ஆத்துல தண்ணி இல்ல, உலகம்மை."

"அதுக்கென்ன அண்ணாச்சி, தொட்டியிலதான் இருக்கே?"

"அதைத்தான் சொல்லுதேன். ஆத்துல இல்ல, தொட்டியில இருக்கு. அப்புறம் ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?"

உலகம்மைக்கு மனசே இல்லை. கண் கலங்கியபடிதான் அடைப்பைப் பிடுங்கினாள். ஆனால் மனப்பாடம் செய்தது செய்ததுதானே. தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கி, மீன்கள் முதுகு தெரிய ஒருபக்கமாகச் சாய்ந்த நேரத்தில் ஜீப் வந்து நின்றது.

அதிகாரி போட்ட கத்தலில் கோயில் புறா எல்லாம் பறந்தது. "யாருய்யா தண்ணியைத் திறந்துவிட்டது? இது என்ன குப்பை? இது என்ன செருப்பு?"

"எல்லாம் ஆத்துல இருக்குற மாதிரிதான் சார்" என்றாள் உலகம்மை பணிவாக. "வேணும்னா வந்து பாருங்க."

அதிகாரி போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு வந்து, தானே வாளியை எடுத்துத் தொட்டியை நிரப்பினார். குப்பையையும் தானே அள்ளினார். உண்மையைச் சொன்னால், ஆற்றை அவரும் அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தார்.

ஆடிச் சாரலில் ஆற்றில் மறுபடி தண்ணீர் வந்த நேரத்தில் தாய் மீனுக்குச் சினை பிடித்தது. இவர்களை நம்பாமல் அதிகாரியே வந்து தங்கி, வயிற்றைத் தடவிச் சினையைப் பிதுக்கி, குஞ்சு பொரிக்கவும் வைத்தார். தொட்டி முழுக்கப் பொன்னிறப் பொடிகள். உலகம்மைக்கு மகள் வயிற்றுப் பேரன் பிறந்தபோதுகூட அப்படிச் சிரிப்பு வந்ததில்லை.

கிளம்பும்போது அதிகாரி ஒன்றே ஒன்று சொன்னார். "குஞ்சுங்க மனுஷனோட பழகிறக் கூடாது. பழகிட்டா எவன் வலையிலயும் போய் விழும். மனுஷனைக் கண்டாலே பயந்து ஓடணும். புரியுதா?"

புரிந்தது. புரியாமல் என்ன? காலையிலும் சாயங்காலமும் மூன்று பேரும் தொட்டி ஓரம் நின்று, தட்டை அடித்து, முகத்தைக் கோணி, "ஏய்!" என்று கத்தினார்கள். குஞ்சுகள் சிதறி ஓடின. எல்லாம் சரிதான். ஆனால் இரை போட வேண்டுமே?

"கத்துற ஆளே தீனியும் போட்டா, அதுக யாரை நம்பும்?" என்றாள் உலகம்மை.

"மனுசன் போடக் கூடாது" என்றார் பேச்சிமுத்து. "மனுசன் இல்லாத வேற யாராவது போடணும்."

ரெண்டு பேரும் முப்பிடாதியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னை எதுக்குப் பாக்கிய?"

கறுப்புக் கம்பளியைப் போர்த்தி, தலையில் தென்னமட்டைக் கொம்பு ரெண்டைக் கட்டி, அவனை எருமையாக்கினார்கள். அவன் நாலு காலில் தவழ்ந்து வந்து "ம்ங்ஙே" என்று கத்தி, வாயில் கவ்விய பொரியைத் தண்ணீரில் துப்புவான். குஞ்சுகள் துள்ளிக்கொண்டு வந்து மொய்க்கும். நிஜ எருமை ஒன்று எட்டிப் பார்த்தபோதும் மொய்த்தன. உலகம்மைக்கு ஒரே பெருமை.

புரட்டாசிக் கடைசியில் குஞ்சுகளை ஆற்றில் விட்டார்கள். வானம் கறுத்துக்கொண்டிருந்தது. மறுநாளே அதிகாரி வந்து படித்துறையில் இறங்கினார்.

"எங்க, காட்டுங்க."

காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஆள் நிழல் தண்ணீரில் விழுந்ததுமே குஞ்சுகள் அக்கரைக்கு ஓடிவிட்டன. அதிகாரி கூர்ந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.

"ஒரு மீனையும் காணோம். நான் என்னத்தைம்மா எழுதட்டும்? ரத்துதான். பெரிய ஜோடியை ஏத்த வண்டி வரச் சொல்லுதேன்."

உலகம்மை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ சார்! மீனு இருக்கு. நீங்கதான் மனுசனா நிக்கிய!"

"வேற எப்படிம்மா நிக்க?"

முப்பிடாதி கம்பளியை நீட்டினான். பேச்சிமுத்து கொம்பைக் கட்டிவிட்டார். அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். படித்தவர்தான். ஆனால் மூக்கன்துறைக்கு இத்தனை மாதமாக வந்துபோகிறவர். மெதுவாக மண்டி போட்டுப் படியில் இறங்கினார். மற்ற மூன்று பேரும் தண்ணீரில் நிழல் விழாமல் மேல்படியில் பதுங்கிக்கொண்டார்கள்.

"சத்தம் கொடுங்க சார்" என்றான் முப்பிடாதி.

"ம்ங்ஙே..."

"வயித்துல இருந்து வரட்டும் சார்!"

"ம்ங்ங்ஙே!"

அக்கரையில் தண்ணீர் கலைந்தது. பொன்னாகத் தகதகத்துக்கொண்டு ஒரு கூட்டம் இக்கரைக்குப் பாய்ந்து வந்தது. அவர் மூக்கைக் கடித்தது, விரலைச் சப்பியது, கம்பளி நுனியை இழுத்தது. அதிகாரி அழுதார். அப்படி அழுகிற எருமையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்குள் கோயிலுக்கு வந்த கூட்டமெல்லாம் பொரி கேட்டு உலகம்மையை மொய்த்துவிட்டது. பொரி வாங்கினவர்களை எல்லாம் அவள் வரிசையாகத் தவழவிட்டாள்.

"பர்மிட் ரத்தில்லம்மா" என்று சொல்லி அதிகாரி எழுந்திருக்கப் பார்த்தார்.

உலகம்மை குனிந்தபடி வந்து அவர் முதுகை அமுக்கினாள். "எந்திரிச்சிராதீங்க சார்! குஞ்சுக இன்னும் பாத்துக்கிட்டிருக்கு. நீங்க மனுசன்னு தெரிஞ்சா அதுகளுக்கு மனுசப் பயமெல்லாம் விட்டுப்போகும்."

அதிகாரிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நாலு காலிலேயே படியேறி, ஆற்றோரமாக நின்ற ஜீப்புக்குப் போனார். டிரைவர் சல்யூட் அடித்துக் கதவைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றான். அவனுக்குப் பெண் கொடுத்தது மூக்கன்துறை.

"சார், இப்ப நீங்க சாரா, எருமையா?"

அதிகாரி ஓரக்கண்ணால் ஆற்றைப் பார்த்தார். தண்ணீரில் அத்தனை குஞ்சுகளும் தலையைத் தூக்கிக் காத்திருந்தன.

"ம்ங்ஙே" என்றார்.

டிரைவர் வருத்தத்தோடு கதவைச் சாத்தினான். "மன்னிச்சிருங்க சார். அரசாங்க வண்டியில மாடு ஏத்த பர்மிட் கிடையாது."

ஜீப் மெதுவாக முன்னால் போனது. டவுன் வரைக்கும் அவருக்கு வழிகாட்ட வேண்டுமே என்று டிரைவர் ஜன்னலுக்கு வெளியே ஒரு கட்டு வைக்கோலைப் பிடித்துக்கொண்டே ஓட்டினான்.