அமுக்கிய விரல்

ரெனிட்டாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலி நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய அப்பா அருளப்பன், ஒரு மாலை பிலோமினா டீச்சர் வீட்டுக்கு வந்தார். கையில் வயலின் பெட்டி, கக்கத்தில் இசைத்தாள்கள்.

சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் வாசித்தே தலை நரைத்தவர் அவர். டீச்சர் அவரைவிடச் சின்னவர். ரெனிட்டாவுக்குப் பியானோ கற்றுக்கொடுத்தவர். மகள் போன பிறகு, அவள் உட்கார்ந்த இடத்தில் அப்பா மாணவராக வந்து உட்கார்ந்தார்.

"என்னண்ணே, முகமே சரியில்ல?"

"பூசைக்கு வாசிக்கிற ஒத்திகையில ஸ்டெல்லா பாதியில எழுந்து போயிட்டா, டீச்சர்."

ஸ்டெல்லா அவர் மனைவி.

"ஏதாவது சொன்னாங்களா?"

"'என் பிள்ள வாசிச்சது இது இல்ல'ன்னா. பூசைக்கே வரமாட்டாளாம்."

ரெனிட்டா கடைசியாகப் பயின்றது, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மன்காரர் ஒருவர் கீபோர்டுக்காக எழுதிய பெரிய இசைக்கோவை. அதில் மெதுவாக நகரும் துயரமான ஒரு பகுதியைத் திருப்பலியில் வாசிப்பதற்காக அருளப்பன் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று வில்லால் இழுக்கும் வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதியிருந்தார். மகளின் இரண்டு கைகளுக்குப் பதில் நான்கு பேர்.

டீச்சர் தாள்களைப் புரட்டினார்.

"ஒரு சுரம்கூட நான் மாத்தல," என்றார் அருளப்பன். "மூலத்துல எவ்வளவு நேரம் போட்டிருக்கோ, அவ்வளவு நேரம். செல்லோக்காரன் கை வலிக்குதுன்னான். விடாம இழுடான்னேன்."

"அழுகைக் காட்சிக்கு இழுக்கிற மாதிரி."

"கிண்டல் பண்ணாதீங்க. இதுல எல்லாமே இருக்கு டீச்சர். அவ மட்டும் ஏன் இல்ல?"

டீச்சர் பியானோவின் மூடியைத் திறந்தார். தாளில் ஒரு நீண்ட சுரத்தைக் காட்டினார்.

"இத அமுக்குங்க. விரலை எடுக்கக் கூடாது."

அருளப்பன் அமுக்கினார். ஒலி எழுந்து அறையை நிறைத்தது. பிறகு மெலிந்தது. தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போன பின் காதைக் கொடுத்தால், ஒன்றும் இல்லை.

"விரல் இருக்கா?"

"இருக்கு."

"சுரம்?"

அவர் இன்னும் அழுத்தினார். நகம் வெளுத்தது. அடக்கத்தன்று மகளின் சவப்பெட்டி விளிம்பிலிருந்து அந்தக் கையை எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. டீச்சர் அன்று அங்கே இருந்தார்.

"வரல, டீச்சர்."

"தாள்ல இன்னும் முடியலியே?"

"தாள்ல இன்னும் நிக்குது."

"இந்த இடத்துல ரெனிட்டா என்ன பண்ணுவா?"

அருளப்பன் தாளிலிருந்து கண்ணை எடுத்தார்.

"தலையச் சாய்ச்சுக்குவா. அது போறதக் கேட்டுக்கிட்டே அடுத்தத வாசிப்பா."

"இப்ப உங்க வயலின்ல அதே சுரம்."

அவர் பெட்டியைத் திறந்து வயலினைத் தோளில் வைத்தார். வில் போனது, திரும்பியது, மறுபடியும் போனது. திரும்புகிற இடமே தெரியவில்லை. அவ்வளவு பழகிய கை. ஒலி கொஞ்சமும் குறையவில்லை. ஜன்னலில் வெளிச்சம் மங்கும்வரை அது அப்படியே நின்றது.

"போதும்ணே. விடுங்க."

"விட்டா முடிஞ்சிடுமே, டீச்சர்."

வில் நிற்கவில்லை.

டீச்சர் பியானோவின் மூடியைச் சாத்தினார்.

"அது முடியறதக் கேக்கத்தான் ஒத்திகையில அண்ணி அவ்வளவு நேரம் உக்காந்திருந்தாங்க."