டார்ச் அணைத்து எடுத்த கருத்துக்கணிப்பு

இருட்டிய பிறகு வாசலில் எருமை மூச்சுவிடுவதுபோல ஒரு சத்தம். பெர்னதெத் கைக்குழந்தையை அணைத்தபடி கதவைத் திறந்தாள். ஒருவன் மெகாபோனை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் தம்பிராஜன்; கட்சி வேட்பாளரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் தேர்தலில் நிற்பவர். பின்னால் டார்ச்சும் கையுமாக முப்பது பேர்.

“நம்ம கருத்துக்கணிப்புல தெருவே நூத்துக்கு நூறு என் பக்கம். நீ ஒருத்திதான் பாக்கி. இந்தத் தாள்ல கையெழுத்துப் போடு,” என்றார் தம்பிராஜன். “ இல்லேன்னா நாளைக்கு உன் குழாய்ல தண்ணி வராது. வால்வு திறக்கிற இன்னாசி இதோ நிக்கான்.”

பிள்ளைக்குப் பால் கரைப்பதும் அந்தத் தண்ணீரில்தான்.

“போடுதேன் அண்ணாச்சி. ஆனா ஓட்டுன்னா ரகசியமா இருக்கணும்லா? டார்ச்சை எல்லாம் அணைங்க. உங்க ஆளுங்க நிக்கட்டும், மத்தவங்க சத்தமில்லாம வீட்டுக்குப் போகட்டும். நீங்க நூறு எண்ணுங்க.”

“ஒருத்தன் அசையமாட்டான்!” தம்பிராஜன் கண்ணை வேறு மூடிக்கொண்டு எண்ணினார். நூறு முடிந்ததும் டார்ச் அடித்தார். தெருவில் அவர் மட்டும்தான் நின்றார். மெகாபோனையும் காணோம்.

“இன்னாசி?” என்றார் மெதுவாக.

“மூணு எண்ணும்போதே போயிட்டார் அண்ணாச்சி. தினம் வால்வு திறக்க வர்ற அவர் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும்.”

பெர்னதெத் கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.