எழுத்தாளர் படத்துக்கு மாலை

பள்ளித் தாளாளர் தண்டபாணிக்கு எழுத வராது. எழுத்தாளர் என்ற பெயர் மட்டும் வேண்டும். தமிழ் வாத்தியார் சிங்கமுத்துவை மிரட்டிக் கதைகள் எழுதி வாங்கி, தன் பெயரில் புத்தகம் போட்டுக்கொண்டார். வேலை போய்விடுமே என்று வாத்தியார் வாயைத் திறக்கவில்லை. போன மாதம் காய்ச்சலில் செத்தும் போனார்.

ஏழாம் வகுப்பில் ‘எனக்குப் பிடித்த எழுத்தாளர்’ என்று செயல்திட்டம் வந்தது. எல்லோரும் தன் படத்தைத்தான் ஒட்ட வேண்டும், மறுத்தால் டிசி என்றார் தாளாளர். வாத்தியார் மகள் எழிலரசியும் அதே வகுப்புதான்.

விருந்தினர்களோடு பார்வையிட வந்த தாளாளர், எழிலரசியின் சார்ட்டைப் பார்த்து அலறினார். அவர் படத்தில் குங்குமப் பொட்டு, சந்தன மாலை. கீழே ஊதுபத்தி புகைந்தது.

“உயிரோட இருக்கிறவன் படத்துக்கு மாலையா?”

“உங்க புத்தகத்துல இருக்கிற கதைகளை எழுதினவரு செத்துட்டாருங்க ஐயா. படம் மட்டும் நீங்க சொன்னபடி ஒட்டினேன்.”

“அபசகுனம்! முதல்ல அதைக் கழட்டு! எழுதின ஆளுக்கே போட்டுத் தொலை!”

சொன்ன பிறகுதான், விருந்தினர்கள் தன்னையே பார்ப்பது அவருக்கு உறைத்தது.

“சரிங்க ஐயா.” எழிலரசி மாலையைக் கழற்றி, சார்ட்டைத் திருப்பி வைத்தாள். மறுபக்கம் அவள் அப்பா படம். மாலையை அதற்குப் போட்டாள்.

வாத்தியார் வகுப்புக்குள் நுழைந்தால் எழுந்திருப்பது போலவே பிள்ளைகள் மொத்தமும் எழுந்து நின்றார்கள்.